இலங்கையின் மின்கட்டமைப்பு எவ்வளவு சூரிய மின்னைத் தாங்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின் போனது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரை சோலார்களை அணைத்து வைக்கும்படி மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. அதே நேரம் 2030 இல் மின்னில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. இவை எப்படி ஒன்றாகப் பொருந்தும்? கூரை சோலார் அளவுக்கு மிஞ்சிவிட்டதா?

அளவுக்கு மிஞ்சவில்லை. சோலார் வந்த வேகத்துக்கு அதோடு சேர்ந்து வரவேண்டிய மற்றவை வரவில்லை. 2016 இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரை சோலார் திட்டம் தொடங்கியபோது அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15.50 ரூபா என்று விலை கொடுத்தார்கள். மக்கள் பணம் போட்டார்கள். இன்று கூரைகளில் மட்டும் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. இந்த நாட்டின் இரவு உச்ச மின் கேள்வியே, அதாவது தேவையே, 3,000 மெகாவாட் அளவில்தான். இவ்வளவு பெரிய ஒரு மின் நிலையம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாமல், கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் ஓடுகிறது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

முதலில் பெப்ரவரி 9, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். அன்று மின் கேள்வி குறைவு, சூரிய மின்னின் பங்கு அதிகம், சடத்துவம் (சுழலும் இயந்திரங்கள் வேகமாற்றத்தை எதிர்க்கும் தன்மை) குறைவு என்று மின்சார சபை விளக்கம் கொடுத்தது. பலர் அதைச் சாட்டு என்றார்கள். ஆனால் அந்த விளக்கத்தில் உள்ள பௌதிகம் சரி. விலங்கோ மரக்கிளையோ பட்டு ஓர் உப நிலையம் போவது எந்த நாட்டிலும் நடக்கும். ஓர் உப நிலையத்தோடு நாடே போவதுதான் நடக்கக்கூடாதது.

எந்தக் கணத்திலும் பிறப்பாக்கமும் பாவனையும் சமமாக இருக்கவேண்டும். ஒரு பிறப்பாக்கி திடீரென விழுந்தால், குறைந்துபோன வலுவை முதல் ஒன்றிரண்டு செக்கனுக்குக் கொடுப்பது சுழன்றுகொண்டிருக்கும் இரும்புதான். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் டர்பைனும் விக்டோரியா நீர்மின் நிலையத்தின் ரோட்டரும் தங்கள் இயக்கசக்தியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வேகம் குறைகின்றன. 50 ஹேர்ட்ஸில் நின்ற மீடிறன், அதாவது மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தடவை மாறுகிறது என்ற எண், இறங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இழந்த மெகாவாட்டை 50 ஆல் பெருக்கி, மிச்சமிருக்கும் இயந்திரங்களின் மொத்த இயக்கசக்தியின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் புரியும். கணக்குக்காக, ஒரு 300 மெகாவாட் நிலக்கரி அலகிடம் 1,400 மெகாவாட்-செக்கன் இயக்கசக்தி இருக்கிறது என்று எடுப்போம். வேலைநாள் மாலையில் நீர்மின், அனல்மின் எல்லாம் ஓடும்போது மொத்தம் 12,000 என்று வைப்போம். அந்த அலகு விழுந்தால் அதன் பங்கும் போய்விடும், மிச்சம் 10,600. மீடிறன் செக்கனுக்கு 0.7 ஹேர்ட்ஸ் வீதம் இறங்கும். ஞாயிறு நண்பகலில் சோலார் வந்து இயந்திரங்களை வெளியே தள்ளியிருக்கிறது, மொத்தம் 5,000 தான் என்றால், விழுந்த பிறகு மிச்சம் 3,600. இப்போது வீதம் செக்கனுக்கு 2 ஹேர்ட்ஸைத் தாண்டும். 49 ஐத் தொட அரைச் செக்கன் போதும்.

அந்த அரைச் செக்கனில் யார் உதவிக்கு வரமுடியும்? நீர்மின் நிலையத்தால் முடியாது. கதவைத் திறந்தாலும் குழாயில் இருக்கும் நீர்த்தூண் வேகம் எடுக்கச் செக்கன்கள் ஆகும். திறந்த முதல் கணத்தில் டர்பைனில் அழுத்தம் விழுந்து வலு கொஞ்சம் குறையவும் செய்யும். நிலக்கரி அலகின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கும் சில செக்கன் வேண்டும். மிஞ்சுவது குறைமீடிறன் ரிலேக்கள்தான். மீடிறன் குறித்த அளவுக்குக் கீழே போனதும் அவை சில பீடர்களை, அதாவது ஊர்களுக்கு மின் கொண்டுபோகும் கம்பித்தடங்களை, தாமாக வெட்டிச் சுமையைக் குறைக்கும். அளக்க 100 மில்லிசெக்கன், பிரேக்கர் திறக்க இன்னொரு 100 என்றாலும், அதற்குள் மீடிறன் மேலும் 0.4 ஹேர்ட்ஸ் இறங்கியிருக்கும்; அடுத்த படிநிலை ரிலேயும் இயங்கத் தொடங்கிவிடும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. எந்தப் பீடரை வெட்டுவது என்ற பட்டியலை மாலைச் சுமையை வைத்துத் தயாரித்தால் அது நண்பகலுக்குப் பொருந்தாது. மாலையில் 6 மெகாவாட் இழுக்கும் அதே பீடர், கூரைகள் நிறைந்திருந்தால் நண்பகலில் ஒன்றும் இழுக்காது, சில வேளை மின்னை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். அதை வெட்டினால் சுமை குறையாது, பிறப்பாக்கம்தான் மேலும் குறையும். பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே மீடிறனைக் கீழே தள்ளும். ஆகவே முதல் வேலை இந்தப் பட்டியலைத் திருத்துவது: ஒவ்வொரு 33 கேவி பீடரிலும் இரு திசையும் அளக்கும் ரிலே, ஏற்றுமதி நடக்கும்போது வெட்டாதபடி ஒரு பூட்டு. செலவு குறைவு, ரிலே மாற்றும் வேலைதான். இதைச் செய்யாமல் பற்றரிக்கு டெண்டர் போடுவது முறையில்லை.

இரண்டாவது, இன்வேர்ட்டர்களின் அமைவுகள். சூரியத் தகட்டிலிருந்து வரும் நேரோட்டத்தை மாறுமின்னாக்கும் பெட்டி, வலையமைப்பில் கோளாறு கண்டால் விலகிக்கொள்ளும்படி பழைய விதிகள் சொல்லின. ஐ.ஈ.ஈ.ஈ 1547 என்ற தரநிலையின் 2003 பதிப்பு அந்தக் காலத்து மனநிலை: சோலார் சிறுபான்மை, பிரச்சினை வந்தால் ஒதுங்கட்டும். 2018 பதிப்பு நேர்மாறாக, தாங்கி நிற்கச் சொல்கிறது. ஏனென்றால் எல்லாம் ஒரே அளவில் விலகினால் அதுவே பெரிய விபத்து. ஜெர்மனி இதை முதலில் உணர்ந்தது. அங்கே பழைய இன்வேர்ட்டர்கள் எல்லாம் 50.2 ஹேர்ட்ஸில் ஒன்றாக அணையும்படி இருந்தன. 2012 இல் சட்டம் கொண்டுவந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை மாற்றினார்கள்.

தென் அவுஸ்திரேலியா விலை கொடுத்துக் கற்றது. 2016 செப்டெம்பர் 28 புயலில் கோபுரங்கள் சாய்ந்தன, வோல்ற்றளவு அடுத்தடுத்துச் சரிந்தது. காற்றாலைகள் ஒவ்வொரு சரிவையும் தாங்கின. ஆனால் குறித்த நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் வலுவைக் குறைத்துக்கொள் என்று அவற்றின் மென்பொருளில் ஓர் அமைவு இருந்தது. வலையமைப்பை இயக்குபவருக்கு அது தெரியாது. ஏழு செக்கனுக்குள் 456 மெகாவாட் போனது. பக்கத்து மாநில இணைப்பு மிகைச்சுமையில் துண்டிக்கப்பட்டது, மாநிலமே இருண்டது. காற்று நிற்கவில்லை. மறைந்திருந்த ஒரு எண்தான் காரணம். அதைப் பிறகு மாற்றினார்கள்.

இலங்கையில் ஒவ்வொரு இன்வேர்ட்டரும் கடைப்பிடிக்க வேண்டியவை இவை. வோல்ற்றளவு ஒரு கணம் சரிந்தால் விலகாமல் நிற்க வேண்டும். மீடிறன் வேகமாக மாறுகிறது என்பதற்காக மட்டும் துண்டிக்கக்கூடாது. 50.2 க்கு மேல் போனால் படிப்படியாக வலுவைக் குறைக்க வேண்டும். ஹேர்ட்ஸுக்கு 40 வீதம் என்று வைத்தால், 1,000 மெகாவாட் கூரை சோலார் 50.7 இல் யாரும் சொல்லாமலே 200 மெகாவாட்டைக் குறைத்துவிடும். மின் போய் வந்த பிறகு, எல்லாம் ஒரே நிமிடத்தில் முழு வலுவோடு திரும்பாமல், நிமிடத்துக்கு 10 வீதம் போல ஏற வேண்டும். அண்மைக் காலத்து இன்வேர்ட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறன் ஏற்கெனவே உண்டு. பொருத்துபவர் எந்த நாட்டுக் குறியீட்டை, அதாவது எந்த நாட்டு விதிகளுக்கான அமைவை, தெரிவுசெய்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டியில் வந்த குறியீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகும் பொருத்துநர்கள் நிறைய.

கடைசியாகச் சொன்ன மெதுவான ஏற்றம் சின்ன விடயமாகத் தோன்றும். முழு இருட்டுக்குப் பிறகு மீட்கும்போதுதான் அதன் அருமை தெரியும். நீர்மின் நிலையம் ஒன்றைத் தனியே தொடங்கி, ஒரு கம்பி வழியாக ஒரு நகரத்துக்கு 10 மெகாவாட் சுமை கொடுத்துச் சிறு தீவாக ஓட்டுவார்கள். மின் வந்து ஐந்து நிமிடத்தில் அந்த நகரத்தின் கூரைகள் எல்லாம் ஒன்றாக விழித்து 6 மெகாவாட்டைத் தள்ளும். அந்தச் சிறு தீவின் மீடிறன் எகிறி, தொடங்கிய இயந்திரம் மறுபடி விழும். நண்பகல் இருட்டு இரவு இருட்டைவிட மீட்கக் கடினமாவதற்கு இது ஒரு காரணம். நிலக்கரி அலகுகள் விழுந்தால் திரும்ப நாட்கள் எடுக்கும் என்பது இன்னொன்று. பெப்ரவரியில் அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டு வந்தது அதனால்தான்.

இனி ஏப்ரல் வேண்டுகோள். அதுவும் கூட்டல் கழித்தல்தான். விடுமுறை நண்பகல் ஒன்றைக் கணக்குக்காக எடுப்போம்: ஆலைகள் பூட்டு, அலுவலகங்கள் பூட்டு, நாட்டின் மொத்தப் பாவனை 1,500 மெகாவாட். சோலார் 900. நிலக்கரி அலகு இரண்டை ஆகக் குறைந்த அளவில், தலா 200 இல், ஓடவிட வேண்டும், மொத்தம் 400. சிறு நீர்மின்னும் காற்றும் 150. வயலுக்கு விடவேண்டிய தண்ணீரோடு வரும் நீர்மின் 100. மீடிறனைப் பிடித்து வைக்க ஒரு நீர்மின் இயந்திரம் 100. கூட்டினால் 1,650. மிகுதி 150 ஐ எங்கே தள்ளுவது? மன்னாரின் தம்பபவனிக் காற்றாலைக்கும் பெரிய தரைச் சோலாருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கட்டளை போகும். நிலக்கரி அலகை நிறுத்தினால் மாலைக்குள் திரும்ப வராது, சடத்துவமும் குறையும். மிச்சம் கூரைகள், அவற்றுக்குக் கட்டளை அனுப்ப வழி இருக்கவில்லை. ஆகவே பத்திரிகையில் வேண்டுகோள் போடவேண்டி வந்தது. 21 ஆம் நூற்றாண்டில் ஒரு தேசிய வலையமைப்பைப் பொதுமக்களின் நல்லெண்ணத்தால் சமநிலைப்படுத்துவது வருந்தத்தக்க நிலைமை. பழியைச் சோலார் போட்டவர்மேல் போடுவது அதைவிட வருந்தத்தக்கது.

தென் அவுஸ்திரேலியா 2020 செப்டெம்பர் முதல் புதிதாகப் போடும் எந்தக் கூரை சோலாரையும் தேவைப்பட்டால் தூரத்திலிருந்து துண்டிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதித்தது. அடுத்த மார்ச்சிலேயே அதைப் பயன்படுத்தவும் வேண்டி வந்தது. இலங்கையில் பெரிய கூரைகளிலிருந்து, அதாவது ஆலை, ஹோட்டல், களஞ்சியம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். எண்ணிக்கையில் கொஞ்சம், வலுவில் நிறைய. வருட உற்பத்தியில் இரண்டு மூன்று வீதத்தை இப்படி விட்டுக்கொடுப்பது நட்டமாகாது. அந்தக் கடைசிச் சில மணித்தியாலங்களுக்காகக் கம்பியும் பற்றரியும் கட்டுவது அதைவிடச் செலவு. ஆனால் யாரை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் குறைப்பது, அதற்கு என்ன ஈடு என்பது முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வங்கிக் கடனில் சோலார் போட்டவரிடம் விடுமுறைக்கு முதல் நாள் அறிவிப்பது நியாயமில்லை.

தேசிய அளவுக்கு வெளியே, உங்கள் தெருவிலும் ஒரு எல்லை இருக்கிறது. பலருக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான். இங்கே வீட்டு வோல்ற்றளவு 230, கூடக்குறைய 6 வீதம். மேல் எல்லை 244. ஒரு ட்ரான்ஸ்போமரிலிருந்து 500 மீற்றருக்கு 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி போகிறது, வழியில் 20 வீடு, தலா 5 கிலோவாட் சோலார். நண்பகலில் வீடுகளின் பாவனையைப் புறக்கணித்தால் 100 கிலோவாட் பின்னோக்கி ஓடும். மூன்று கட்டத்திலும் (பேஸ்) சரியாகப் பிரிந்தால் கட்டத்துக்கு 145 அம்பியர். அந்த நீளத்துக்குக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.22 ஓம். வீடுகள் சீராகப் பரவியிருந்தால் பாதி ஏற்றம் என்று எடுக்கலாம்: 16 வோல்ட். ட்ரான்ஸ்போமரில் 230 இருந்தாலும் கடைசி வீட்டில் 246. இன்வேர்ட்டர் மிகை வோல்ற்றளவு என்று காட்டி அணையும், ஐந்து நிமிடத்தில் வரும், மறுபடி அணையும். ட்ரான்ஸ்போமரில் ஏற்கெனவே 238 வைத்திருந்தால், அல்லது பெரும்பாலான வீடுகள் ஒரே கட்டத்தில் தொங்கினால், கதை இன்னும் மோசம்.

இதற்கு ஒழுங்கான வைத்தியம் வரிசையாக உண்டு. நண்பகலிலும் இரவு 8 மணிக்கும் வீட்டு வோல்ற்றளவை அளந்து எழுதுங்கள். இன்வேர்ட்டரின் பிழைப்பதிவையும் எடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு மின் விநியோகிப்பவரின் பிரதேச அலுவலகத்துக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டங்களின் சமநிலை. அது கம்பத்தில் ஏறி இணைப்பை மாற்றும் வேலை மட்டுமே. பிறகு ட்ரான்ஸ்போமரின் வெளியீட்டு வோல்ற்றளவை மாற்றும் டப்பை ஒரு படி, அதாவது 2.5 வீதம், இறக்கலாம். ஆனால் இரவில் கடைசி வீட்டுக்கு 216 க்குக் கீழே போகாது என்று பார்த்த பிறகே. வோல்ற்றளவு கூடும்போது ரியாக்டிவ் வலுவை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்வரும் வலு) உறிஞ்சும்படி இன்வேர்ட்டரை அமைப்பதும் கொஞ்சம் உதவும். தாழ் வோல்ற்றளவுக் கம்பியில் தடையே ஆதிக்கம் செலுத்துவதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. செய்யவே கூடாதது ஒன்று: பொருத்துநரின் கடவுச்சொல்லைப் போட்டு மேல் எல்லையை 260 க்கு உயர்த்துவது. உங்கள் சோலார் ஓடும். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் மின்விளக்குகளும் அந்த 260 ஐத் தாங்கவேண்டி வரும்.

மாலைக்கு வருவோம். உச்ச நேரம் 18.30 முதல் 22.30 வரை. சூரியன் மறையும் அதே மணித்தியாலத்தில் விளக்குகள் எரியும். நீர்மின்னும் டீசலும் ஒன்றாக ஏறும். இதைப் பற்றரியால் நிரப்புவதென்றால் கணக்கு நேரானது: 300 மெகாவாட்டை நான்கு மணித்தியாலம் கொடுக்க 1,200 மெகாவாட்-மணி. போய்வரும் இழப்பு 15 வீதம் என்றால் ஏற்றுவதற்கு 1,410 வேண்டும். நண்பகலில் ஐந்து மணித்தியாலத்துக்குப் பரப்பினால் 280 மெகாவாட். மேலே ஏப்ரல் கணக்கில் மிஞ்சிய 150 ஐ இது முழுதாக விழுங்கும். அதே பற்றரி, கட்டளை கிடைத்த 200 மில்லிசெக்கனுக்குள் முழு வலுவைத் தரும் என்பதால், பெப்ரவரிக் கணக்கிலும் அரைச் செக்கனுக்குள் உதவிக்கு வரும். ஆகவே பற்றரி வாங்கும்போது எத்தனை மணித்தியாலம் என்று மட்டும் கேட்கக்கூடாது. எவ்வளவு வேகத்தில், எந்த மீடிறனில், தானாக இயங்குமா, வலையமைப்பு இல்லாதபோது தானே வோல்ற்றளவை உருவாக்குமா என்பவையும் ஒப்பந்தத்தில் வேண்டும். பின்னர் சேர்ப்பதென்றால் செலவு பல மடங்கு.

மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம், அதாவது மிகுதி மின்னால் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துப் பிறகு இறக்கி மின் எடுக்கும் நிலையம், திட்டத்தில் இருக்கிறது. நல்ல திட்டம், ஆனால் கட்டி முடிக்கப் பல வருடம் பிடிக்கும். ஒரு கவனம்: நிலையான வேகத்தில் ஓடும் பம்பு, தண்ணீரை ஏற்றும்போது வலுவைக் கூட்டிக் குறைக்க முடியாது, ஓடும் அல்லது நிற்கும். சோலார் அதிகமான நண்பகலில்தான் அது ஏற்றும். முகில் வந்துபோகும் அந்த நேரத்தில் மீடிறனைச் சீர்செய்யும் திறனும் அதனிடம் வேண்டும். மாறுவேக இயந்திரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இங்கே நியாயமானது.

இருக்கும் நீர்மின் எங்களுடைய பெரிய பலம்தான், ஆனால் அது முழுக்க மின்சாரத் துறையின் கையில் இல்லை. மகாவலித் தண்ணீர் முதலில் வயலுக்கும் குடிநீருக்கும். திறக்கும் நாளை விவசாயம் தீர்மானிக்கும். பருவமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. லக்சபான நீர்மின் பகுதிக்குத் தென்மேல் பருவமழை, மன்னார்க் காற்றும் அதே மே முதல் செப்டெம்பர் வரை பலம். சித்திரையில் காற்று ஓய்ந்து வெயில் உச்சியில் நிற்கும். காற்றையும் சூரியனையும் வருடக் கூட்டுத்தொகையாக அல்லாமல் மாதம் மாதமாகப் பார்த்துத் திட்டமிடுவது அதனால்தான் அவசியம். வடக்கில் காற்று வளர்ந்தால் நடுவருடத்து இரவுகளில் எண்ணெய் எரிப்பது நேரடியாகக் குறையும்.

சடத்துவத்துக்குப் பற்றரி மட்டும் வழியல்ல. எரிபொருள் இல்லாமல் வலையமைப்பிலிருந்தே சுழலும் ஒத்தியங்கு இயந்திரங்களைத் தென் அவுஸ்திரேலியா 2021 இல் நான்கு நிறுவியது. அவை சடத்துவத்தோடு குறுஞ்சுற்று வலுவையும், அதாவது கோளாறின்போது பாயும் பெரிய மின்னோட்டத்தையும், தருகின்றன. குறுஞ்சுற்று வலு குறைந்தால் கோளாறு எங்கே என்று ரிலேக்கள் சரியாகக் கண்டுபிடிக்காது. இன்வேர்ட்டர் தன் அளவுக்குச் சற்று மேல்தான் மின்னோட்டம் தரும். இங்கே ஓய்வுபெறும் வாயு டர்பைன்களின் பிறப்பாக்கிகளை இதற்கு மாற்றமுடியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது புதிதாக வாங்குவதைவிட மலிவாக முடியலாம். அயர்லாந்தும் ஒரு தீவுதான். அது 2011 அளவில் காற்று, சோலார் போன்ற மின்னுக்கு 50 வீத எல்லை வைத்திருந்தது. அமைவுகளைத் திருத்தி, இந்தச் சேவைகளுக்குத் தனியாக விலை கொடுத்து, பரீட்சித்துப் பார்த்து, 2022 இல் எந்த ஒரு கணத்திலும் 75 வீதம் வரை அனுமதிக்கும் நிலைக்கு வந்தது. ஒவ்வொரு ஐந்து வீதத்துக்கும் மாதக்கணக்கில் பரீட்சித்தார்கள். எங்களுக்கும் அந்த மாதிரி ஒரு எண் வேண்டும்: இன்று நண்பகலில் அதிகபட்சம் எத்தனை வீதம், குறைந்தபட்சம் எவ்வளவு சடத்துவம். அது பொதுவில் அறிவிக்கப்பட்டால், எல்லையை உயர்த்த எது தடையாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்கலாம்.

இந்தியாவோடு கடலடி இணைப்பு பற்றி 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. உயர் அழுத்த நேரோட்ட இணைப்பு வந்தால் நண்பகல் மிகுதியை விற்கலாம், மாலையில் வாங்கலாம். ஆனால் இந்தியாவின் இயந்திரங்களின் சடத்துவம் நேரோட்டக் கம்பி வழியாகத் தானாக வராது. வேகமாக வலு மாற்றும்படி அதன் கட்டுப்பாட்டை அமைத்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். அதோடு, இணைப்பே நாட்டின் மிகப் பெரிய ஒற்றை மூலமாகிவிட்டால், அது விழும் நாளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வரிசை என்று கேட்டால் என் பரிந்துரை இது. இந்த வருடமே இன்வேர்ட்டர் அமைவுகளும் குறைமீடிறன் ரிலேப் பட்டியலும். பெரும்பாலும் ஆட்களின் நேரம்தான் செலவு. அதோடு 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கூரைகளுக்குத் தூரக் கட்டுப்பாடு. அடுத்து உப நிலையங்களில் வேகமாக இயங்கும் பற்றரிகள், சோலார் அதிகமுள்ள இடங்களில் முதலில். ஒத்தியங்கு இயந்திரங்கள் அதே காலத்தில். வீட்டுப் பற்றரிக்கு உச்ச நேரத்தில் நல்ல விலை கொடுத்தால் மக்கள் மறுபடியும் பணம் போடுவார்கள். 2016 இல் போட்டார்கள்தானே. நீரேற்று நிலையமும் கடலடி இணைப்பும் பல வருடம் கழித்து வருபவை, அவற்றுக்காக முன்னையவை காத்திருக்கத் தேவையில்லை.